‘தரிசு’ என்று வண்ணமிடப்படும் நிலம்

இந்தியப் பல்கலைக்கழகங்களின் புவியியல், சுற்றுச்சூழல், நகரத் திட்டமிடல் துறைகளிலிருந்து ஆண்டுதோறும் ஒரே அச்சில் வார்த்த ஆய்வேடுகள் வந்துகொண்டிருக்கின்றன. ஒரு நகரம், மூன்றோ நான்கோ ஆண்டுகள், அவ்வாண்டுகளுக்குரிய லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள், கட்டடப் பரப்பு, தாவரம், நீர்நிலை, தரிசு என நான்கு வகைகள், சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என நான்கு வண்ணங்கள். முடிவுரையைப் படிக்காமலேயே முடிவைச் சொல்லிவிடலாம்: சிவப்பு பெருகியது, பச்சையும் நீலமும் சுருங்கின. நகரத்தின் பெயரை மட்டும் மாற்றினால் ஒரு நகரத்தின் ஆய்வேடு இன்னொரு நகரத்துக்கும் பொருந்திவிடும் என்ற கேலி ஆய்வாளர்களிடையே வழங்குவதில் வியப்பில்லை.

இவ்வகை ஆய்வுகள் பொய்யானவை அல்ல. அவற்றால் விளைந்த நன்மையும் சிறிதன்று. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் டி. வி. ராமச்சந்திரா தலைமையிலான ஆற்றல், ஈரநில ஆய்வுக் குழு பல ஆண்டுகளாகச் செய்துவரும் பணி இதற்குச் சான்று. 1973 தொடங்கி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் பெங்களூரின் கட்டடப் பரப்பு 584 விழுக்காடு கூடியது, தாவரப் பரப்பு 66 விழுக்காடும் நீர்நிலைகள் 74 விழுக்காடும் குறைந்தன என்ற அக்குழுவின் கணக்கு செய்தித்தாள்களிலும் நீதிமன்ற வாதங்களிலும் பள்ளிப் பிள்ளைகளின் பேச்சுப் போட்டிகளிலும் இடம்பெற்றுவிட்டது. ஒரு நகரம் தன் இழப்பை எண்ணால் அறிந்துகொள்ளும் வாய்ப்பை அந்த வரைபடங்களே அளித்தன. ஆகவே கேள்வி, வரைபடம் வேண்டுமா வேண்டாமா என்பதன்று. நான்கு வண்ணங்களில் எந்த நிலம் எந்த வண்ணத்துக்குள் தள்ளப்படுகிறது, அப்படித் தள்ளப்படுவதால் யாருடைய இழப்பு கணக்கிலிருந்து விடுபடுகிறது என்பதே கேள்வி.

முதலில் தொடக்க ஆண்டை எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலான ஆய்வேடுகள் 1973இலிருந்து தொடங்குகின்றன. அந்த ஆண்டில் நகரத்தில் குறிப்பிடத்தக்கது ஏதேனும் நிகழ்ந்ததா என்று தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். முதலாவது லேண்ட்சாட் 1972 ஜூலையில் ஏவப்பட்டது. பல இந்திய நகரங்களுக்குத் தெளிவான முதற்படம் 1973இல் கிடைக்கிறது. செயற்கைக்கோளின் பிறந்த ஆண்டு நகர வரலாற்றின் தொடக்க ஆண்டாகிவிடுகிறது. பெங்களூரின் தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் இன்று கெம்பேகௌடா பேருந்து நிலையம் இருக்கிறது. சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கமாகிவிட்டது. இவ்விரு ஏரிகளின் மரணமும் செயற்கைக்கோள் பிறப்பதற்கு முன்பே நிகழ்ந்து முடிந்தது. 1973ஆம் ஆண்டுப் படத்தில் அவை ஏற்கெனவே நகரம். எனவே இழப்பின் பட்டியலில் அவற்றுக்கு இடமில்லை. சம்பங்கி ஏரியின் வரலாற்றை ஹரிணி நாகேந்திராவும் ஹிதா உன்னிகிருஷ்ணனும் பழைய நில வரைபடங்கள், அரசு ஆவணங்கள், முதியோரின் நினைவுகள் ஆகியவற்றைக் கொண்டே மீட்டெடுத்தனர். அந்த ஏரியை நம்பித் தோட்டப்பயிர் செய்த சமூகத்தாரின் உரிமைகளும் முறையீடுகளும் காகிதத்தில்தான் கிடைக்கின்றன, எந்த அலைநீளத்திலும் அல்ல.

(பெங்களூரின் நிலப்பயன்பாட்டு ஆவணம் இன்னும் பழைமையானது. தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் போசளர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் நிலக்கொடைகளைப் பதிவுசெய்கின்றன. நிலம் எது, யாருக்கு, எதற்காக என்று கல்லில் வெட்டியவர்கள், இன்றைய ஆய்வேடுகள் கேட்க மறந்த கேள்விகளையே கேட்டிருக்கிறார்கள்.)

அடுத்தது படப்புள்ளியின் அளவு. முதல் லேண்ட்சாட் கருவியின் ஒரு புள்ளி தரையில் ஏறத்தாழ 80 மீட்டர் பக்கமுள்ள சதுரம், அதாவது 0.64 ஹெக்டேர், ஒன்றரை ஏக்கருக்கும் மேல். 1984இல் ஏவப்பட்ட லேண்ட்சாட் 5இன் புள்ளி 30 மீட்டர், அதாவது 0.09 ஹெக்டேர். இரண்டையும் ஒப்பிடும் ஆய்வாளர் ஏழு மடங்கு பருமனான கண்ணாடியையும் மெல்லிய கண்ணாடியையும் மாறி மாறி அணிந்து பார்க்கிறார். கர்நாடகச் சிற்றூர்களில் கால்நடை நீர் குடிக்கவும் துணி வெளுக்கவும் வெட்டப்பட்ட ‘கட்டே’, ‘குண்டே’ எனப்படும் சிறு குட்டைகள் பல ஓர் ஏக்கருக்கும் குறைவானவை. அவை 1973இன் புள்ளிக்குள் கரைந்துபோயின. பிற்பாடு படம் கூர்மையடைந்தபோது மண் கொட்டி மூடப்பட்டிருந்தன. எந்தப் படத்திலும் தோன்றாததால் எந்தப் படத்திலிருந்தும் மறையவில்லை. மாற்றத்தின் அட்டவணையில் அவற்றின் இழப்பு சுழியம்.

ஏரிகளை ஒன்றோடொன்று இணைத்த கால்வாய்களின் நிலை இதனினும் மோசம். பெங்களூரில் ‘ராஜகாலுவே’ எனப்படும் இக்கால்வாய்கள் சில மீட்டர் அகலமே உள்ளவை. மேட்டிலுள்ள ஏரி நிரம்பி வழிந்தால் அடுத்த ஏரிக்கு, அதுவும் நிரம்பினால் அதற்கடுத்ததற்கு என்று நீரைக் கொண்டுசெல்லும் இந்தக் கோர்வைதான் அந்நகரின் நீரியல். 2022 செப்டம்பர் மழையில் வெளிவட்டச் சாலையும் மகாதேவபுரா பகுதியும் நீரில் மூழ்கி, மென்பொருள் நிறுவன ஊழியர்கள் டிராக்டர்களில் அலுவலகம் சென்ற காட்சியை நாடே கண்டது. எந்தக் கால்வாய் எங்கே குறுகியது, எங்கே திருப்பப்பட்டது என்பதே அன்றைக்குத் தேவைப்பட்ட தகவல். 30 மீட்டர்ப் படங்களைக் கொண்டு முப்பது ஆண்டுகளாகச் செய்யப்பட்ட மாற்ற வரைபடங்களில் அந்தத் தகவல் இருக்க வழியே இல்லை.

ஆனால் கருவியின் கூர்மை மட்டும் சிக்கல் என்றால் காலம் அதைத் தீர்த்துவிடும். 2015 முதல் சென்டினல்-2 படங்கள் 10 மீட்டர்ப் புள்ளியில் இலவசமாகவே கிடைக்கின்றன; கார்ட்டோசாட் அதனினும் நுட்பமானது. தீராத சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. செயற்கைக்கோள் காண்பது நிலத்தின் போர்வையை. ஆய்வேட்டின் தலைப்பு பேசுவதோ நிலத்தின் பயன்பாட்டை. இரண்டையும் ஒரு சாய்கோட்டால் இணைத்து ‘நிலப்பயன்பாடு/நிலப்போர்வை’ என்று எழுதிவிட்டால் வேறுபாடு தீர்ந்துவிட்டதாக ஒரு பழக்கம் நிலைத்துவிட்டது.

பெல்லந்தூர் ஏரி இதை விளக்கப் போதுமானது. ஏறத்தாழ 900 ஏக்கர் பரப்புள்ள, பெங்களூரின் மிகப் பெரிய ஏரி. நெல்லுக்குப் பாய்ந்த நீர், மீன்பிடிப்பு, மாட்டுத்தீவனம் எனப் பல வாழ்வுகள் அதன் கரையில் இருந்தன. நகரின் கழிவுநீரில் பெரும்பங்கு அதற்குள் திருப்பிவிடப்பட்ட பிறகு ஏரி நுரைத்தது. 2015இலும் 2017இலும் 2018இலும் தீப்பற்றியது. நீர்நிலை தீப்பற்றுவதைக் காட்டிலும் பெரிய பயன்பாட்டு மாற்றம் ஒன்று இருக்க முடியுமா? வகைப்பாட்டு மென்பொருள் அந்த ஆண்டுகளில் அங்கே இரண்டில் ஒன்றைக் கண்டிருக்கும். ஆகாயத்தாமரை அடர்ந்து மூடிய பகுதிகளில் அகச்சிவப்பு ஒளி வலுவாகத் திரும்பும். ஆகவே அது ‘தாவரம்’. ஆகாயத்தாமரை விலகிய பகுதிகளில் அது ‘நீர்நிலை’. முதலாவது வரைபடத்தில் பசுமை கூடியதாகத் தெரியும். இரண்டாவதில் எதுவும் மாறாததாகத் தெரியும். மழையை நம்பிக் கோடையில் வற்றிய ஏரிகள் கழிவுநீர் வரத்தால் ஆண்டு முழுவதும் ததும்பி நிற்கும் நிலையையும் இதே வரைபடம் ‘நிலையான நீர்ப்பரப்பு’ என்றே பாராட்டும். ஏரி செத்த நாளே வரைபடத்தில் அதன் உடல்நலம் தேறிய நாளாகப் பதிவாகிறது.

மஞ்சள் வண்ணத்துக்கு வந்தால் நிலைமை மேலும் தீவிரமாகிறது. ‘தரிசு’ என்ற சொல் நடுநிலையான சொல்லன்று. வரி செலுத்தாத நிலத்தைப் பயனற்ற நிலம் என்று பதிவுசெய்த காலனிய வருவாய்த் துறையின் பார்வை அதற்குள் இருக்கிறது. விடுதலைக்குப் பின்னும் ‘பாழ்நில வரைபடத் தொகுப்பு’ என்ற பெயரிலேயே நடுவண் அரசு வெளியீடுகள் தொடர்ந்தன. இன்றைய நகர ஆய்வேடுகள் பின்பற்றும் வகைப்பாட்டு முறையின் மூலம் ஆண்டர்சனும் அவர்தம் குழுவினரும் 1976இல் அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறைக்காக வகுத்தது. ஒன்று கவனிக்கத்தக்கது: அமெரிக்கர் தம் மேய்ச்சல் வெளிக்கு அதில் தனி வகை வைத்திருந்தனர், பனிவெளிக்கும் தூந்திரத்துக்கும் கூட இடம் இருந்தது. இந்திய ஆய்வேடுகள் பனியைக் கைவிட்டதில் நியாயம் உண்டு. மேய்ச்சலையும் சேர்த்துக் கைவிட்டுத் தரிசை மட்டும் வைத்துக்கொண்டதற்கு நியாயம் எதுவும் தென்படவில்லை.

பெங்களூரைச் சுற்றி அந்த மஞ்சளுக்குள் என்னவெல்லாம் கிடக்கின்றன என்று பார்க்கலாம். கோமாளம் எனப்படும் மேய்ச்சல் நிலம்: நூறு மாடுகளுக்கு 12 ஹெக்டேர் என்ற கணக்கில் ஊருக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்று கர்நாடக நில வருவாய் விதிகளே சொல்லும் பொது நிலம். மரங்கள் கலைந்துபோன குண்டுதோப்பு. சாகுபடிக்கு ஆகாதென்று பதிவேட்டில் ஒதுக்கப்பட்டு, பாதையாகவும் ஓடையாகவும் பொதுப் பயன்பாட்டில் இருக்கும் ‘கராப்’ நிலம். கேழ்வரகு அறுத்தபின் அடுத்த மழைக்குக் காத்திருக்கும் செம்மண் வயல். மார்ச் மாதத்தில் வெடித்துக் கிடக்கும் ஏரி உள்வாய். சுடுகாடு. பிறகு, ஒரு முக்கியமான வகை: உழவரிடமிருந்து மனை வணிகர் வாங்கி, விலை ஏறட்டும் என்று ஐந்தாண்டு பத்தாண்டு போட்டுவைத்திருக்கும் நிலம்.

இவையனைத்தும் மேகமற்ற கோடைப் படத்தில் ஏறக்குறைய ஒரே நிறமாலையைத் தருகின்றன. ஒரே மஞ்சளாகின்றன. அடுத்த படத்தில் அங்கே அடுக்ககம் எழுந்தவுடன் அட்டவணை ‘தரிசிலிருந்து கட்டடப் பரப்பு’ என்று எழுதுகிறது. படிப்பவர் ஆறுதல் அடைகிறார். வயலையோ ஏரியையோ அழிக்கவில்லை, வீணாய்க் கிடந்த நிலத்தில்தானே கட்டினார்கள்! உண்மையில் அந்நிலம் வயலாக இருந்தது, பிறகு வாங்கப்பட்டது, பிறகு விதைப்பு நிறுத்தப்பட்டது. பயன்பாடு மாறிய நாள் பத்திரம் பதிவான நாள். சிமென்ட் கொட்டிய நாளன்று. பத்தாண்டு இடைவெளியில் எடுத்த இரு படங்கள் இந்த மூன்று கட்டங்களையும் ஒரே அம்புக்குறியாகச் சுருக்கிவிடுகின்றன. மாடு மேய்த்தவரின் இழப்புக்கு அட்டவணையில் நிரலும் இல்லை, நிரையும் இல்லை.

இவ்விடத்தில் துல்லியம் பற்றிய வழக்கமான மறுமொழி வரும்: வகைப்பாட்டின் துல்லியம் 85 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது, கப்பா குணகம் 0.8ஐத் தாண்டுகிறது, ஆகவே முடிவுகள் ஏற்கத்தக்கவை. அந்த 85 எங்கிருந்து வந்தது என்று கேட்கும் வழிகாட்டிகள் குறைவு. அதுவும் ஆண்டர்சன் குழுவின் பரிந்துரையே. ஒற்றை வரைபடத்துக்கான அளவுகோலாகச் சொல்லப்பட்டதை இரு வரைபடங்களின் ஒப்பீட்டுக்கும் நீட்டிப்பது கணக்குக்கு ஒவ்வாது. இரு வரைபடங்களும் 85 விழுக்காடு சரி, பிழைகள் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால், ஓரிடம் இரண்டிலும் சரியாக இருக்கும் வாய்ப்பு 0.85ஐ 0.85ஆல் பெருக்கினால் வருவது. அதாவது சுமார் 72 விழுக்காடு. நூற்றில் 28 இடங்களில் ஏதோ ஒரு பிழை இருக்கக்கூடிய ஒப்பீட்டைக் கொண்டு, நூற்றில் பத்து இடங்களில் மாற்றம் நிகழ்ந்தது என்று இரண்டு தசம இடத் துல்லியத்துடன் அறிவிப்பது துணிச்சலான செயல்.

அரிதான வகைகளில் பிழை பூதமாகிறது. 700 சதுர கிலோமீட்டர் நகரில் நீர்நிலை 2 விழுக்காடு, அதாவது 14 சதுர கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். எஞ்சிய 686இல் ஒரே ஒரு விழுக்காட்டை மென்பொருள் தவறுதலாக நீர் என்று குறித்தால் போதும் (உயர்ந்த கட்டடங்களின் நிழலும் புதிய தார்ச்சாலையும் இந்தத் தவற்றைத் தாராளமாகச் செய்விக்கும்). ஏறத்தாழ 7 சதுர கிலோமீட்டர் இல்லாத நீர் பிறந்துவிடும். ஒட்டுமொத்தத் துல்லியம் 99 விழுக்காடாகவே இருக்கும். நீர்ப்பரப்பு மட்டும் பாதி மடங்கு ஊதியிருக்கும். இந்த நோய்க்கு மருந்து தெரியாமல் இல்லை. கப்பா குணகத்துக்கு மரண அறிவிப்பே எழுதி பாண்டியஸும் மில்லோன்ஸும் 2011இல் கட்டுரை வெளியிட்டனர். புள்ளிகளை எண்ணிப் பரப்பைச் சொல்லக் கூடாது, மாதிரிப் புள்ளிகளின் பிழை அணியைக் கொண்டு பரப்பைத் திருத்தி, நம்பக எல்லையுடன் சொல்ல வேண்டும் என்று ஒலாஃப்சன் குழுவினர் 2014இல் படிப்படியாக விளக்கினர். அதன் பிறகும் இந்திய ஆய்வேடுகளில் கப்பா அழியாப் புகழுடன் வாழ்கிறது. நம்பக எல்லை தென்படுவது அரிது. ‘கள மெய்ம்மை’ என்ற தலைப்பின் கீழ்க் கூகுள் எர்த்தில் குறித்த நூறு புள்ளிகள் இருக்கும். படத்தை இன்னொரு படத்தால் சரிபார்ப்பதற்குக் களம் என்று பெயர் வந்தது எப்படி என்பது தனி ஆய்வுக்குரியது.

இவை வகுப்பறைச் சச்சரவுகள் என்று ஒதுக்கிவிட முடியாது. நிலத்தின் வகை, நீதிமன்றத்தில் வழக்காகிறது. 2016இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பெங்களூரின் ஏரிகளைச் சுற்றி 75 மீட்டர் காப்பு வளையம் வேண்டும் என்றது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கி, பெருந்திட்டத்திலுள்ள 30 மீட்டரே செல்லும் என்றது. முப்பது மீட்டர் என்பது லேண்ட்சாட்டின் ஒரே ஒரு புள்ளி. கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள கட்டடம் நிற்குமா இடியுமா என்ற வினா ஒரு புள்ளிக்குள் அடங்கியிருக்கும்போது, ஏரியின் விளிம்பு எந்த மாதத்துப் படத்தில் வரையப்பட்டது என்பது வெறும் செய்முறைக் குறிப்பாக இருக்க இயலாது. நவம்பர்ப் படத்தில் ஏரி அகன்றிருக்கும். மார்ச்சுப் படத்தில் குறுகியிருக்கும். கட்டுநர் எந்தப் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வருவார் என்று ஊகிக்க முனைவர் பட்டம் தேவையில்லை. இயல்பை இழந்த ஏரிகளை ஏரி என்ற பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம் என்ற யோசனை கர்நாடகத்தில் அரசுத் தரப்பிலேயே எழுந்து, எதிர்ப்பைச் சந்தித்தது. ‘இருபது ஆண்டுகளாக நீர் தென்படவில்லை’ என்று காட்டும் வண்ண வரைபடம் அத்தகைய யோசனைக்குக் கிடைக்கும் முதல் சாட்சி. வரத்துக்கால்வாயை அடைத்தவரும் அந்தச் சாட்சியைக் கூண்டில் ஏற்றுபவரும் ஒருவராகவே இருக்கலாம் என்பதை வரைபடம் சொல்லாது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2015இல் சாரக்கி ஏரியிலும் 2016இல் மழைநீர்க் கால்வாய்களின் கரையிலும் ஆக்கிரமிப்பு என்று வீடுகள் இடிக்கப்பட்டபோது, பதிவான பத்திரமும் வங்கிக் கடனும் வைத்திருந்த குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அங்கே அளவுகோலாக எடுக்கப்பட்டது பழைய கிராம வரைபடம். அக்காகிதத்தில் கால்வாய் ஓடியது. தரையில் எப்போதோ ஓடுவது நின்றுவிட்டது. எப்போது நின்றது, யார் ஒப்புதலில் மனை பிரிக்கப்பட்டது, எந்த ஆண்டில் நிலவகை மாற்றப்பட்டது என்று ஆண்டுவாரியாகக் காட்டும் ஒரு மாற்ற வரைபடம் இருந்திருந்தால், கடைசியாக வாங்கியவர் மட்டும் தண்டனை அனுபவிக்கும் நிலை மாறியிருக்கக்கூடும். காலவாரி நிலப்பயன்பாட்டு வரைபடம் செய்யக்கூடிய மிக அரிய பணி அதுதான்: பொறுப்பைக் காலத்தின்மீது பரப்பிக் காட்டுவது. ஆனால் அத்தகைய வரைபடத்துக்குச் செயற்கைக்கோள் படத்தோடு புல எண்ணும் தேவை.

எல்லை பற்றியும் ஒரு சொல். 2007இல் ஏழு நகராட்சிகள், ஒரு பேரூராட்சி, 110 சிற்றூர்கள் ஆகியவற்றை இணைத்துப் பெருநகரப் பெங்களூரு மாநகராட்சி உருவானது. 2025இல் அது ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்தது. 1973ஆம் ஆண்டை 2007இன் எல்லைக்குள் வைத்து அளந்தால் தொடக்கக் கட்டடப் பரப்பு மிகச் சிறியதாகி, வளர்ச்சி விழுக்காடு வானளாவும். பழைய எல்லைக்குள் அளந்தால் அதே நகரம் மந்தமாக வளர்ந்ததாகத் தோன்றும். எண் பெரிதாக இருக்கும் தேர்வே தலைப்புச் செய்தியாகிறது.

எதிர்காலக் கணிப்புகளைப் பற்றி நீளப் பேசத் தேவையில்லை. செல்லுலார் ஆட்டோமேட்டா – மார்க்கோவ் முறையில் 2030, 2050 என்று நகரை வரைந்து ஆய்வேட்டை முடிப்பது வழக்கமாகிவிட்டது. கடந்த பத்தாண்டில் மாறிய வீதத்திலேயே அடுத்த பத்தாண்டும் மாறும் என்பது அம்முறையின் அடிப்படை. 2008இல் தேவனஹள்ளியில் விமான நிலையம் திறக்கப்பட்ட பிறகு நகரின் வடபுறம் முழுவதும் திசை திரும்பியது. விமான நிலையம் எங்கே வரும் என்று எந்தப் படப்புள்ளியும் தன் அண்டைப் புள்ளியைக் கேட்டு முடிவு செய்வதில்லை; அமைச்சரவை முடிவு செய்கிறது.

மாணவர் தரப்பு நியாயமும் உண்டு. அதைப் புறக்கணித்தால் இந்த விமர்சனம் வெறும் ஏளனமாகிவிடும். 2008இல் லேண்ட்சாட் காப்பகம் இலவசமாகத் திறக்கப்பட்டது. கூகுள் எர்த் எஞ்சின் வந்தபின் விலையுயர்ந்த கணினியும் தேவையில்லை. நல்கை நின்றுபோன மாணவரும் விடுதி அறையில் அமர்ந்து ஒரு நகரத்தின் நாற்பது ஆண்டுகளை இறக்கிவிடலாம். மாறாக, வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு கிராம வரைபடத்தின் படி பெறுவதற்குள் அவருடைய பருவம் முடிந்துவிடும். இந்திய நில அளவைத் துறையின் விரிவான வரைபடங்கள் நெடுங்காலம் கட்டுப்பாட்டுக்குள் இருந்தன. 2021இன் புவிசார் தரவு வழிகாட்டுதல்கள்தான் கதவை ஓரளவு அகலத் திறந்தன. களப்பணிக்குப் பயணப்படி இல்லை; கன்னடமோ வங்காளமோ தெரியாத ஊரில் மொழிபெயர்ப்பாளருக்குப் பணம் இல்லை; பட்டத்துக்கு முன் ஸ்கோப்பஸ் இதழில் கட்டுரை வர வேண்டும் என்ற நெருக்கடி மட்டும் இருக்கிறது. இந்நிலையில் நான்கு வண்ண வரைபடம் சோம்பலின் விளைவன்று. விதிகள் காட்டிய வழியில் நடந்ததன் விளைவு. குற்றம் முதலில் வழிகாட்டிக்கும் துறைக்கும் உரியது.

ஆயினும் வேறு வழியே இல்லை என்பது உண்மையன்று என்பதற்குக் கிழக்குக் கொல்கத்தா சான்றாக நிற்கிறது. 1960களில் ஹூக்ளி ஆற்று வண்டலைக் கொட்டி உப்பு ஏரியின் ஒரு பகுதியைத் தூர்த்துப் புதிய நகரியம் எழுப்பப்பட்டது. எஞ்சிய சதுப்பும் அவ்வழியே போகும் என்றே எதிர்பார்க்கப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் நகரின் கழிவுநீர் என்ன ஆகிறது என்று அறிய அரசுப் பொறியாளர் துருவஜோதி கோஷ் கழிவுநீர்க் கால்வாயின் வழியே நடந்து சென்றார். ‘பேரி’ எனப்படும் ஆழங்குறைந்த மீன்பண்ணைகளில் கழிவுநீர் வெயிலாலும் பாசியாலும் தூய்மையாகி மீனுக்கு உணவாவதையும், அங்கிருந்து வெளியேறும் நீர் நெல்வயலுக்குப் பாய்வதையும், தாப்பாவில் குப்பைமேட்டின் மீது காய்கறி விளைவதையும் அவர் கண்டார். நான்கு வண்ண முறைக்குக் கொடுத்திருந்தால் அதே பரப்பு நீர்நிலை, தாவரம், தரிசு எனச் சிதறியிருக்கும். கோஷ் அதை ஒரே பயன்பாடாக, கழிவை உணவாக மாற்றும் வட்டாரமாக வரைந்தார்.

அந்த வரைபடம் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் உறங்கவில்லை. 1992இல் ‘பப்ளிக்’ என்ற குடிமக்கள் அமைப்பு தொடுத்த வழக்கில் கல்கத்தா உயர் நீதிமன்றம் அப்பகுதியில் நிலப்பயன்பாட்டை மாற்றத் தடை விதித்தபோது அதற்கு எல்லையாக அமைந்தது அதுவே. 2002இல் 12,500 ஹெக்டேர் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. 2006இல் மாநிலம் தனிச் சட்டம் இயற்றியது; அதன் அட்டவணையில் மௌசா என்ற வருவாய்க் கிராமத்தின் பெயரும் புல எண்ணும் நிலத்தின் தன்மையும் வரிசையாக உள்ளன. ஆக்கிரமிப்பு அங்கே நின்றுவிடவில்லை. மண் கொட்டும் லாரிகள் இன்றும் இரவில் வருவதாக மீனவர் முறையிடுகின்றனர். ஆனால் முறையிடுவதற்கு ஓர் எண்ணும் ஒரு பெயரும் இருக்கின்றன. எந்தப் புலத்தில் எந்தப் பயன்பாடு என்று சட்டமே சொல்லும்போது ‘அது தரிசு’ என்ற வாதத்துக்கு இடம் குறைகிறது.

இத்தகைய பணிக்கு ஒரு மாநகரம் முழுவதையும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஓர் ஏரித்தொடர், அதையொட்டிய மூன்று சிற்றூர்கள் போதும். ஆண்டுக்கு ஒரு படம் என்றில்லாமல் மழைக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று இரண்டு படங்கள். கிராம வரைபடத்தின் மீது அவற்றைப் பொருத்துதல். வருவாய்ப் பதிவேட்டில் நிலவகை மாறிய தேதிகள். ஏரியில் மீன்பிடி குத்தகை எடுத்தவர், மாடு மேய்த்தவர், மதகு திறந்த நீர்க்காரர் ஆகியோரின் வாய்மொழி. அவர்கள் அந்நிலங்களுக்கு வைத்திருக்கும் பெயர்களே வகைப்பாட்டின் வகைப்பெயர்கள். பரப்புக்கு நம்பக எல்லை. வகைக்குள் அடங்காத நிலத்துக்கு ‘அடங்கவில்லை’ என்ற குறிப்பு. மூன்று சிற்றூர்களின் இத்தகைய வரைபடம் உயர்தர இதழில் இடம்பெறாமல் போகலாம். மதிப்பீட்டாளர் ‘ஆய்வுப் பரப்பு மிகச் சிறியது’ என்று எழுதித் திருப்பி அனுப்பலாம். அந்தக் குறிப்பை எழுதும் இடத்தில் இருப்பவர்கள் பலர் இன்று இத்துறைகளின் தலைவர்களாகவும் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களாகவும் இருக்கிறார்கள். அடுத்த பாடத்திட்டத் திருத்தத்தில் தொலையுணர்வுத் தாளுக்குப் பக்கத்தில் வருவாய் ஆவணங்களைப் படிக்கக் கற்பிக்கும் ஒரு தாளைச் சேர்க்க அவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை.